முரசில் கசிந்த இரத்தமும் சுப்பாராவ் விட்டுச்சென்ற மருந்தும்

2019 பெப்ரவரியில் ஒரு காலை, கட்டுகஸ்தோட்டையில் வாடகை வீட்டில் இருந்த என் அக்கா, மகன் படுத்தெழும்பிய தலையணை உறையை எனக்குக் காட்டினார். அக்கா என்றால் பெரியம்மாவின் மகள். உறையில் வாய் படும் இடத்தில் பழுப்புச் சிவப்பாகச் சில கறைகள் இருந்தன. பல் துலக்கும்போது முரசில் இரத்தம் வருகிறது என்று அவன் மூன்று கிழமையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அக்கா அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

அதற்காக அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மகன் பிறந்தது 2009இல், செட்டிகுளம் முகாமில். கணவர் அந்த மே மாதத்துக்குப் பிறகு திரும்பி வரவேயில்லை. செல் துண்டு காலில் இருக்க, கைக்குழந்தையோடு தண்ணீர் வரிசையில் நின்ற ஒருவருக்கு முரசில் வரும் இரண்டு துளி இரத்தம் நோயாகத் தெரியாது. போரைக் கடந்து வந்த எங்களில் பலருக்கு வலியை எடைபோடும் தராசு அப்போதே பழுதாகிவிட்டது. தாங்கக்கூடியதெல்லாம் ஒன்றுமில்லாதது என்று பழகிவிட்டோம்.

இன்னொரு தடையும் இருந்தது. தையல் வேலைக்காகக் கண்டிக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அக்காவுக்குத் தெரிந்த சிங்களம் கடைக்கும் பஸ்ஸுக்கும் போதுமானது. மருந்துக்கடை ஒன்றுக்குப் போய், மகனின் வாயைக் காட்டி, பல்லைக் குறிக்கும் தத் என்ற சொல்லை மட்டும் சொல்லியிருக்கிறார். பல் வலி என்று விளங்கிக்கொண்டு அன்ரிபயோட்டிக் குளிசையும் பனடோலும் கொடுத்துவிட்டார்கள். இரத்தம் என்ற செய்தி அந்த மேசையைத் தாண்டிப் போகவில்லை.

நான் அவர்களைப் பேராதனைக்கு அழைத்துச் சென்றேன். இலங்கையின் பல் மருத்துவக் கல்வி 1954இல் கொழும்பிலிருந்து பேராதனைக்கு வந்தது. அங்குள்ள பல் போதனா வைத்தியசாலைக்கு மலையகத்திலிருந்து மட்டுமல்ல, வடக்கு கிழக்கிலிருந்தும் ஆட்கள் வருவதுண்டு. ஆடத் தொடங்கியிருந்த ஒரு பல்லைப் பிடுங்கிவிடச் சொல்லலாம் என்பதுதான் எங்கள் எண்ணம்.

அவனைப் பார்த்த இளம் வைத்தியர் பல்லைத் தொடவில்லை. முதலில் முரசைப் பார்த்தார். ஊத்தை படிந்து முரசு அழன்றால் அது நன்றாகச் சிவந்திருக்கும். இவனுடையது வெளிறிப்போய், விளிம்பில் மட்டும் இரத்தம் ஊறிக்கொண்டிருந்தது. பிறகு மேலண்ணத்தில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். ஊசி முனை அளவில் சிவப்புப் புள்ளிகள். கழுத்தைத் தடவிப் பார்த்தார். காலைத் தூக்கிப் பார்த்தார். விழாமலே வந்த நீலக் கண்டல்கள் இரண்டு. பல் பிடுங்குவதை ஒத்திவைத்து, முழு இரத்தக் கலக் கணக்குப் பரிசோதனைக்குத் துண்டு எழுதினார்.

அன்று மாலையே முடிவு வந்தது. குருதிச் சிறுதட்டுகள் மிகக் குறைவு. முதிராத வெண்கலங்கள் நிறைய. அடுத்த சில நாட்களில் என்பு மச்சையில் ஊசி போட்டுப் பார்த்து உறுதிசெய்தார்கள். ஏ.எல்.எல். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் குருதிப் புற்றுநோய். பிள்ளைகளுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடத்தில் இருப்பது இதுதான். அன்று அந்தப் பல்லைப் பிடுங்கியிருந்தால் இரத்தத்தை நிறுத்துவதே பெரும்பாடாகியிருக்கும்.

கடுமையான முதல் மாதங்கள் கழிந்த பிறகு வீட்டில் வைத்துக் கொடுக்கச் சொன்ன மருந்துகளில் ஒன்று மஞ்சள் நிறச் சிறு குளிசை. கிழமைக்கு ஒரு நாள் மட்டும். அதன் பெயர் மெத்தோட்ரெக்சேட். எங்கள் பக்கத்து வீட்டில் தங்கியிருந்த மருத்துவ மாணவர் ஒருவர்தான் அந்தக் குளிசைக்குப் பின்னால் சென்னையில் படித்த ஒரு மனிதர் இருக்கிறார் என்று சொன்னார். அன்றிலிருந்து அந்த மனிதரைத் தேடிப் படித்தேன். அவர் பெயர் யெல்லாப்பிரகட சுப்பாராவ்.

வாழைப்பழம் விற்க ஓடிய சிறுவன்

சுப்பாராவ் 1895 ஜனவரி 12ஆம் திகதி, அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை ஜகந்நாதம் வருவாய்த் துறையில் சிறு உத்தியோகம் பார்த்தவர். நோயால் வேலையை இடையிலேயே விட நேர்ந்தது. பிள்ளைகள் பலர், வருமானம் கொஞ்சம். பதின்மூன்று வயதில் சுப்பாராவ் வீட்டைவிட்டு ஓடினார். காசிக்குப் போய் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரனாவது அவர் திட்டம். பிடித்துக் கொண்டுவந்து மீண்டும் பள்ளிக்கூடத்தில் விட்டார் தாய் வெங்கம்மா.

படிப்பிலும் அவர் ஒரே தாவலில் மேலே போனவரல்ல. மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இரண்டு முறை தவறினார். தந்தை இறந்தபின் தாய் நகைகளை விற்று அவரைச் சென்னைக்கு அனுப்பினார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து மூன்றாம் முறை எழுதித்தான் தேறினார். அதன்பின் மாநிலக் கல்லூரி. அங்கே கணிதத்தில் கெட்டிக்காரர் என்று பெயரெடுத்தார். ஆனால் மனம் துறவின் பக்கம் போனது. ராமகிருஷ்ண மடத்தில் சேர விரும்பினார். தாய் சம்மதிக்கவில்லை. மருத்துவம் படித்தும் மக்களுக்குத் தொண்டு செய்யலாம் என்ற வழி அவருக்குக் காட்டப்பட்டது.

சென்னை மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போது காந்தியின் அழைப்பைக் கேட்டுக் கதர் உடுத்தினார். சத்திரசிகிச்சைக் கூடத்துக்கும் கதர் அங்கியோடுதான் போனார். ஆங்கிலப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துப் பரீட்சைகளில் நன்றாகச் செய்தும் கடைசியில் அவர் கையில் கிடைத்தது எம்.பி.பி.எஸ். பட்டமல்ல, அதற்குக் கீழ்ப்பட்ட எல்.எம்.எஸ். தகுதி. அரசாங்க மருத்துவ சேவைக்குள் நுழையும் கதவு அத்தோடு சாத்தப்பட்டது. உடையின் பெயரால், பெயரின் பெயரால், அடையாள அட்டையில் உள்ள ஊரின் பெயரால் கதவு சாத்தப்பட்ட அனுபவம் எங்கள் வாசகர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

வாயில் தொடங்கிய சாவு

அந்தப் படிப்புக் காலத்தை ஒட்டித்தான் அவர் வீட்டில் பேரிடி விழுந்தது. அவருடைய சகோதரர்கள் இருவர் சில நாள் இடைவெளியில் ஒருவர்பின் ஒருவராக இறந்தார்கள். இருவரையும் கொண்டுபோனது ஸ்ப்ரூ என்ற நோய். அதே நோய் சுப்பாராவையும் பிடித்தது. ஆயுர்வேத வைத்தியர் ஆசண்ட லக்ஷ்மிபதியின் சிகிச்சையில் பிழைத்தார். பின்னர் அவருடைய ஆயுர்வேதக் கல்லூரியிலேயே உடற்கூற்றியல் கற்பித்தார்.

ஸ்ப்ரூ குடலின் நோய். சாப்பிடும் உணவிலிருந்து சத்தை உறிஞ்சும் ஆற்றலைக் குடல் இழந்துவிடும். ஓயாத வயிற்றுப்போக்கு, மெலிவு, இரத்தச்சோகை என்று அது முற்றும். ஆனால் நோயாளியைப் படுத்தும் பெருந்தொல்லைகளில் ஒன்று வாயில் இருக்கும். நாக்கு சிவந்து, மேற்பரப்பின் சொரசொரப்பு உதிர்ந்து, கண்ணாடிபோல் வழவழப்பாகி எரியும். உறைப்பு வேண்டாம், வெந்நீர்கூட வாயில் வைக்க முடியாது. ஸ்ப்ரூ என்ற பெயரே வாய்ப்புண்ணைக் குறிக்கும் டச்சுச் சொல்லிலிருந்து வந்தது. பழைய மருத்துவ அகராதிகளில் இந்த நோய்க்கு இன்னொரு பெயரும் உண்டு: இலங்கை வாய்ப்புண். சுப்பாராவின் சகோதரர்களைக் கொன்ற நோய்க்கு எங்கள் தீவின் பெயரை வைத்திருந்தார்கள் என்பதை வாசித்தபோது சிறிது நேரம் அந்தப் பக்கத்தைவிட்டு நகர முடியவில்லை.

இந்த நோய்க்கு மருந்து காண வேண்டும் என்பதுதான் சுப்பாராவை வெப்பவலய மருத்துவத்தின் பக்கம் தள்ளியது. 1919இல் அவருக்குத் திருமணமாகியிருந்தது. மனைவி சேஷகிரி. மாமனாரின் உதவியோடும் அறக்கட்டளை ஒன்றின் உதவியோடும் 1920களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பொஸ்டன் நகருக்குக் கப்பலேறினார். சில வருடங்களில் திரும்பிவிடுவதாகத்தான் ஏற்பாடு. அவர் போனபின் மகன் பிறந்தான். தந்தை முகத்தைக் காணாமலே அந்தக் குழந்தை இறந்தது. சுப்பாராவ் திரும்பி வரவேயில்லை. சேஷகிரி கணவரை மீண்டும் காணாமலே வாழ்ந்தார். அவருடைய பெரிய கண்டுபிடிப்புகளைச் சொல்லும் கட்டுரைகள் இந்தப் பெண்ணை ஒரு வரியில் கடந்துபோகின்றன. காத்திருப்பதையே வாழ்வாகக் கொண்ட பெண்கள் எங்கள் ஊர்களில் வீதியோரப் பந்தல்களில் இருக்கிறார்கள். எனக்கு அந்த ஒரு வரி போதவில்லை.

இரவில் கக்கூஸ் சட்டி, பகலில் ஆய்வுகூடம்

ஹார்வர்டில் வெப்பவலய மருத்துவம் படிக்க இடம் கிடைத்தது. பிழைக்கப் பணம் கிடைக்கவில்லை. இந்திய மருத்துவத் தகுதியை வைத்து அங்கே வைத்தியராக வேலை செய்யவும் முடியாது. பீற்றர் பென்ற் பிரிகாம் வைத்தியசாலையில் இரவுச் சிற்றூழியரானார். நோயாளிகளின் மலசலச் சட்டிகளைக் கழுவினார். புலம்பெயர்ந்த நாடுகளில் பட்டத்தை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டு உணவகத்தில் கோப்பை கழுவிய எங்கள் அண்ணன்மாருக்கு அவர் ஒரு தலைமுறை மூத்தவர்.

பகலில் உயிர் இரசாயன ஆய்வு. சைரஸ் ஃபிஸ்க் என்பவரோடு சேர்ந்து, இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பொஸ்பரஸை அளக்கும் முறையை 1925இல் வெளியிட்டார். ஃபிஸ்க் - சுப்பாராவ் முறை என்று உலகெங்கும் ஆய்வுகூடங்களில் அது பல பத்தாண்டுகள் புழங்கியது. அந்த அளவீடு வழியாகவே தசைகளுக்கு ஆற்றல் தரும் பொஸ்போகிரியேட்டின், ஏ.டி.பி. ஆகிய சேர்மங்களை அவர்கள் கண்டார்கள். குருதிப் புற்றுநோய்ச் சிகிச்சை தொடங்கும்போது நோய்க்கலங்கள் கூட்டமாக உடைந்து இரத்தத்தில் பொஸ்பேற்று கூடும் என்பதால், அக்காவின் மகனுக்கும் முதல் நாட்களில் அந்த அளவை அடிக்கடி பார்த்தார்கள்.

1930இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். ஆனாலும் ஹார்வர்ட் அவருக்கு நிரந்தரப் பதவி கொடுக்கவில்லை. 1940இல் நியூயோர்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லே மருந்து ஆய்வுகூடத்தில் சேர்ந்து, சிறிது காலத்தில் அதன் ஆய்வுப் பணிப்பாளரானார்.

கீரையிலிருந்து வந்த சத்து

இந்த இடத்தில் இன்னொரு பெண்ணைச் சொல்ல வேண்டும். லூசி வில்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் 1928இல் பம்பாய்க்கு வந்து, கர்ப்பிணிகளான ஏழைப் பெண்களுக்கு ஏற்பட்ட கடும் இரத்தச்சோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட் சாறான மார்மைட் கொடுத்தபோது அவர்கள் தேறினார்கள். 1931இல் அதை வெளியிட்டார். எங்கள் வீடுகளில் பாணில் தடவுகிறோமே, அதே மார்மைட்தான். அதில் இருந்த சத்து என்ன என்பது 1941இல் அமெரிக்காவில் தெளிவானது. நான்கு தொன் பசளிக்கீரையிலிருந்து மிகச் சிறிதளவாக அதைப் பிரித்தெடுத்தவர்கள், இலை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து அதற்குப் போலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள்.

கீரையை நம்பி எல்லோருக்கும் மருந்து செய்ய முடியாது. 1945இல் சுப்பாராவின் தலைமையில் இயங்கிய லெடர்லே குழு அதை ஆய்வுகூடத்திலேயே செயற்கையாக உருவாக்கியது. ஸ்ப்ரூ நோயாளிகளுக்குக் கொடுத்தபோது இரத்தம் ஊறியது, எரிந்த நாக்கு ஆறியது. சகோதரர்களை இழந்து கால் நூற்றாண்டுக்குப் பிறகு அவர் தேடிப் புறப்பட்ட மருந்து கைக்கு வந்தது. இன்று எங்கள் கர்ப்பிணித் தாய்மாருக்குக் கிளினிக்கில் கொடுக்கும் போலிக் அமிலக் குளிசை இந்த வழியில் வந்ததுதான்.

அதே சத்துக்கு எதிரி

அத்தோடு கதை முடிந்திருக்கலாம். ஆனால் பொஸ்டன் சிறுவர் வைத்தியசாலையில் சிட்னி ஃபார்பர் என்ற நோயியல் வைத்தியர் குருதிப் புற்றுநோய்ப் பிள்ளைகளுக்குப் போலிக் அமிலம் சார்ந்த மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார். நோய் குறையவில்லை. வேகமெடுத்ததுபோல் தெரிந்தது. அந்தத் தோல்வியிலிருந்து அவர் ஒரு முடிவுக்கு வந்தார். இந்தச் சத்து நோய்க்கலங்களுக்குத் தீனியாகிறது என்றால், அதைத் தடுத்தால் நோயைப் பட்டினி போடலாம்.

கலம் பிரிந்து இரண்டாக வேண்டுமானால் புதிய மரபுப் பொருள் செய்ய வேண்டும். அதற்குப் போலிக் அமிலம் தேவை. அதைப் போலவே தோற்றமுள்ள, ஆனால் வேலை செய்யாத ஒரு பொருளை உள்ளே அனுப்பினால் கலம் ஏமாந்து அதைப் பிடித்துக்கொள்ளும். பூட்டுக்குள் முறிந்த சாவிபோல் அது சிக்கிக்கொண்டு, உண்மையான சத்தை வேலை செய்யவிடாது. வேகமாகப் பிரியும் நோய்க்கலங்களே இதில் முதலில் வீழும். இப்படிப்பட்ட எதிர்ச் சேர்மங்களைச் சுப்பாராவின் குழு உருவாக்கிக்கொண்டிருந்தது. அவற்றில் அமினொப்டெரின் என்பதை 1947 இறுதியில் ஃபார்பர் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்.

1948 ஜூன் 3ஆம் திகதி முடிவுகள் வெளியாகின. பதினாறு பிள்ளைகளில் பத்துப் பேரிடம் முன்னேற்றம். குருதிப் புற்றுநோய் என்றால் சில கிழமைகளில் சாவு என்றிருந்த காலத்தில் பிள்ளைகள் எழுந்து விளையாடினார்கள். அது நிலைக்கவில்லை. சில மாதங்களில் நோய் திரும்பியது. ஆனாலும் மருந்தால் இந்த நோயைப் பின்வாங்கச் செய்யலாம் என்பது முதன்முதலாகத் தெரிந்தது. அமினொப்டெரினின் இடத்தை அதன் தம்பியான மெத்தோட்ரெக்சேட் எடுத்துக்கொண்டது. பிற மருந்துகளோடு சேர்ந்து இன்று வசதியுள்ள நாடுகளில் ஏ.எல்.எல். வந்த பிள்ளைகளில் பத்தில் ஒன்பது பேர்வரை பிழைக்கிறார்கள்.

சுப்பாராவ் அதைப் பார்க்கவில்லை. 1948 ஆகஸ்டில், அந்த முடிவுகள் வெளியாகி இரண்டு மாதங்களில், தூக்கத்திலேயே மாரடைப்பால் இறந்தார். வயது 53. அதற்குள் அவர் வழிநடத்திய ஆய்வுகூடம் டெட்ராசைக்கிளின் வகையின் முதல் அன்ரிபயோட்டிக்கான ஓரியோமைசினையும், யானைக்கால் நோய்க்கான ஹெட்ராசானையும் தந்திருந்தது. டி.ஈ.சி. என்ற பெயரில் இந்த இரண்டாவது மருந்து இலங்கையில் தலைமுறைகளாகக் கொடுக்கப்பட்டது. 2016இல் இலங்கை யானைக்கால் நோயை ஒழித்த நாடாக உலக சுகாதார நிறுவனத்தால் அங்கீகரிக்கப்பட்டது. நோபல் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை. இந்தியா 1995இல், அவர் பிறந்த நூற்றாண்டில், ஒரு முத்திரை வெளியிட்டது. அமெரிக்காவில் கால் நூற்றாண்டு வாழ்ந்தும் அவர் அந்நாட்டுக் குடியுரிமை பெறாமலே இறந்தார்.

மருந்தும் வாயில்தான் தெரிந்தது

சிகிச்சையின் நடுவே ஒரு நாள் அக்காவின் மகனுக்கு வாய் முழுவதும் புண். நோய் திரும்பிவிட்டது என்று அக்கா அழுதார். வைத்தியர் பார்த்துவிட்டு அது மருந்தின் வேலை என்றார். வாயின் உட்தோல் நாளாந்தம் உதிர்ந்து புதிதாக வளர்வது. வேகமாகப் பிரியும் கலங்களைத் தடுக்கும் மருந்து அதையும் தடுக்கும். ஃபார்பரின் முதல் அறிக்கையிலேயே இந்த வாய்ப்புண் பதிவாகியிருக்கிறது. சத்து இல்லாமல் சுப்பாராவின் சகோதரர்கள் பட்ட வாய்ப்புண்ணும், சத்தைத் தடுத்ததால் இந்தப் பிள்ளை பட்ட வாய்ப்புண்ணும் ஒரே காரணத்தின் இரண்டு முகங்கள். அளவு குறைத்து, உப்புநீரால் கொப்பளிக்க வைத்து, சில நாட்களில் ஆற்றினார்கள். புண்ணைக் கண்டு பயந்து மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது, வைத்தியரைக் கேட்காமல் விற்றமின் குளிசைகளும் கொடுக்கக் கூடாது என்று அப்போது சொல்லித் தந்தார்கள். கிழமைக்கு ஒரு நாள் போடவேண்டிய மெத்தோட்ரெக்சேட்டைத் தவறுதலாகத் தினமும் போட்டால் அது உயிருக்கே ஆபத்து. அக்கா சுவர்க் கலண்டரில் சனிக்கிழமைகளைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டு வைத்தார்.

இந்தக் கட்டுரையை எழுதியதற்கு ஒரே ஒரு காரணம்தான். என்பு மச்சை இரத்தத்தின் தொழிற்சாலை. நோய்க்கலங்கள் அதை நிரப்பிவிட்டால் மற்ற மூன்று வகைக் கலங்களுக்கும் இடமில்லாமல் போகும். குருதிச் சிறுதட்டுகள் குறைந்தால் முரசிலும் மூக்கிலும் இரத்தம் வரும், அண்ணத்தில் சிவப்புப் புள்ளிகள் வரும், அடிபடாமலே கண்டல் வரும். நோயை எதிர்க்கும் வெண்கலங்கள் குறைந்தால் ஆறாத வாய்ப்புண்ணும் வெண்படலமும் வரும். செங்கலங்கள் குறைந்தால் முரசும் நாக்கும் உதடும் வெளிறும். சில வகைக் குருதிப் புற்றுநோயில் கலங்களே முரசுக்குள் புகுந்து, பல்லை மூடுமளவுக்கு அது வீங்கும். முதியவர்களுக்கு வரும் மயலோமா என்ற என்பு மச்சைப் புற்றுநோய் தாடையெலும்பை அரிக்கும். காரணமில்லாமல் பல் ஆடுவதும், கீழ் உதட்டிலும் நாடியிலும் மரத்துப்போவதும் அதன் அறிகுறியாகலாம். நிணநீர்ப் புற்றுநோய் வலியில்லாத வீக்கமாக அண்ணத்திலோ ரொன்சிலிலோ கழுத்திலோ தோன்றலாம்.

யாரும் பயப்பட வேண்டாம். முரசில் இரத்தம் வரும் நூறு பேரில் மிகப் பெரும்பாலானவர்களுக்கு அது பல்லில் படிந்த ஊத்தையால் வருவதுதான். வாய்ப்புண்களும் பெரும்பாலும் ஒன்றிரண்டு கிழமையில் தாமாகவே ஆறும். ஆனால் நன்றாகப் பல் துலக்கியும் இரத்தம் நிற்கவில்லை, புண் இரண்டு மூன்று கிழமை தாண்டியும் ஆறவில்லை, அதோடு காய்ச்சல், களைப்பு, வெளிறல், கண்டல் ஏதாவது சேர்ந்திருக்கிறது என்றால் பல்லைப் பிடுங்குவதற்கு முன் ஒரு இரத்தக் கணக்கு எடுங்கள். அரசாங்க வைத்தியசாலையில் அதற்குக் காசில்லை. வெற்றிலை போடும் பெரியவர்கள் எல்லாப் புண்ணையும் சுண்ணாம்பு சுட்டது என்று தள்ளிவிடுவார்கள். அவர்களையும் கூட்டிப் போங்கள்.

அக்காவின் மகன் ஊரடங்குக் காலத்திலும் ஒரு சனிக்கிழமை தவறாமல் குளிசை போட்டான். 2022 தொடக்கத்தில், மருந்துத் தட்டுப்பாடு நாட்டைப் பிடிக்கும் நேரத்தில், சிகிச்சை முடிந்தது. இப்போது பாடசாலை அணியில் பந்து வீசுகிறான். பரிசோதனைக்கு மட்டும் போய்வருகிறார்கள்.

அக்கா இன்னும் கட்டுகஸ்தோட்டையில் தைக்கிறார். வடக்கிலிருந்து புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்குக் கடை, பஸ், வீட்டு வாடகைக்கான சிங்களம் சொல்லிக் கொடுக்கும்போது அவர் ஒரு வசனத்தைத் தவறாமல் சேர்த்துக்கொள்கிறார். முரசுக்கு விதுருமஸ், இரத்தத்துக்கு லே. விதுருமஸ் வலின் லே எனவா. முரசிலிருந்து இரத்தம் வருகிறது. அன்று மருந்துக்கடையில் தன்னிடம் இல்லாத அந்த மூன்று நான்கு சொற்களை அவர்கள் சரியாகச் சொல்லும்வரை திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கிறார்.